ரதி வேடமிட்ட தந்தை: பந்தலூர்ப் பக்கத்து ஓவியக் கண்காட்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பந்தலூர் வட்டாரத்தில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர் ஓர் ஓவியர். வயது முப்பதைத் தாண்டியது. தன் குடும்பத்தின் கதையைப் பதினொரு ஓவியங்களாக வரைந்திருந்தார். இலங்கையிலிருந்து வந்தது, வீட்டு ஆண்கள் வாழ்ந்த விதம், ஜெபக்கூடத்தில் கழிந்த பிள்ளைப் பருவம் என மூன்றும் அவற்றில் பின்னிக் கிடந்தன. அவற்றைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் வந்தது. கண்காட்சி நடந்தது. ஆனால் முதலில் திட்டமிட்ட நாளிலும் அல்ல, திட்டமிட்ட வடிவத்திலும் அல்ல. உயிரோடு இருக்கும் உறவினரை வரைகிறவர்களுக்கும், அப்படி வரைந்ததைப் பொதுவில் வைக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ, தோட்டத்தின் பெயரோ, சபையின் பெயரோ இதில் வராது. குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டினேன். நீக்கச் சொன்ன வரிகளை நீக்கிவிட்டேன்.

குடும்பத்தின் பின்னணி

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தேயிலை பயிரிடப்பட்டது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்கத் தொடங்கியது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கம் இன்று காணும் குடியிருப்புகள் பல இப்படி உருவானவை.

ஓவியரின் தந்தை 1977இல் வந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெற்றோருடனும் அக்காவுடனும் ரயிலேறினார். உறவைப் பிரித்துக்கொண்டு போன அந்த ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. தலைமன்னாரில் கப்பல், இராமேசுவரத்தில் கரை, மண்டபம் முகாமில் சில வாரங்கள், கையில் ஒரு குடும்ப அட்டை, பிறகு நீலகிரி. மலை பழக்கமான மலை, செடி பழக்கமான செடி. ஊர்க்காரர்களுக்கு மட்டும் இவர்கள் 'சிலோன்காரர்கள்'.

எண்பதுகளின் இறுதியில் அவர் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். ஓவியரின் தாய் அதற்கு முன்பே அந்தச் சபையில் இருந்தவர். பிள்ளைகள் இருவரும் ஞாயிறு பள்ளியிலும் உபவாச ஜெபத்திலும் வளர்ந்தார்கள். மூத்தவர் பதினேழு வயதில் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் அயர்ன் மேசைக்கு நின்றார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். இளையவர் சென்னைக்குப் போய் ஓவியம் படித்தார்.

சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறையில், கோத்தகிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அத்தையின் வீட்டில் தங்கினார். அங்கே டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. சேலை கட்டி, ஒட்டியாணம் போட்டு, பின்னலைத் தோளுக்கு முன்னால் விட்டுத் தலை குனிந்து நிற்கும் ஒரு பையன். "உன் அப்பாதான். மூன்று வருடம் ரதி வேடம் கட்டினான்" என்றார் அத்தை.

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் காப்புக் கட்டுவார்கள். தவம் கலைத்த மன்மதனைச் சிவன் எரிப்பதும், ரதி புலம்பி வாதாடுவதும், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறபடி அவன் உயிர் மீள்வதும் கதை. ரதி வேடம் கட்டுவது ஆண்தான். நீலகிரிக்கு வந்த பிறகு தந்தை இதைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. பிள்ளைகளுக்கு, தப்புப் பறையின் சத்தம் கேட்கிற திசைக்கே போகக் கூடாது என்று கட்டளை இருந்தது.

ஓவியங்கள்

பதினொன்றும் காடாத் துணியில் வரைந்தவை. ஈரோட்டிலிருந்து வாங்கிய துணியைத் தேயிலைத் தூள் வடிநீரில் ஊற வைத்துக் காயவிடுவார். பிறகு அன்னபேதி என்னும் இரும்பு உப்பின் கரைசலைத் தூரிகையால் தொட்டுக் கோடிழுப்பார். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேரும் இடம் கறுத்துப் போகும். கலம்காரிக்காரர்கள் கடுக்காயையும் இரும்புக் காடியையும் கொண்டு கறுப்பு எடுப்பதும் இதே வேதியியல்தான். சேலைச் சிவப்பு, ஜெபக்கூடத்துச் சுவரின் நீலம் போன்ற நிறங்களுக்கு மட்டும் அக்ரிலிக். இதில் ஒரு பலவீனமும் உண்டு: தேயிலைக் கறை வெயிலில் வெளுக்கும், இரும்பு மிகுந்த கறுப்பு பல ஆண்டுகளில் துணியை அரிக்கும். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் விற்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தோம்.

எல்லா ஓவியங்களையும் விவரிக்கப் போவதில்லை. நான்கைச் சொன்னால் பின்னால் வரும் சிக்கல் புரியும்.

முதலாவது அழுகைக் கோச்சி. பெட்டியின் சன்னல்கள் வரிசையாக இருக்கின்றன. எதிலும் முகமில்லை, கைகள் மட்டுமே. ஒரு கை தூக்குவாளியைப் பிடித்திருக்கிறது, ஒன்று கோழியைப் பிடித்திருக்கிறது, ஒன்று வெறுமனே தொங்குகிறது. இரண்டாவது அண்ணனுடையது. திருப்பூர் அறை ஒன்றில் ஆண்கள் வரிசையாகப் பாயில் படுத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து தன் பனியனைத் தானே தைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது மனப்பாட வசனம். கை கட்டி நிற்கும் சிறுவன், பின்னால் நீலச் சுவர், சன்னலுக்கு வெளியே தூரத்தில் தப்படிக்கும் இருவர். சிறுவனின் வாய் வசனம் சொல்கிறது. அவன் கால் பெருவிரல் மட்டும் தரையிலிருந்து உயர்ந்திருக்கிறது. அந்த விரலைப் பார்த்த பிறகுதான் இந்தப் பையனுக்கு வரைய வரும் என்று நான் முழுதாக நம்பினேன்.

நான்காவது ரதி. ஆறடி உயரத் துணி. ஸ்டூடியோ படத்தில் இருந்த அதே குனிந்த தலை. ஆனால் இளைஞனின் உடலுக்குப் பதில் இன்றைய தந்தையின் உடல்: கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கைகள், மருந்து டாங்கி சுமந்து தாழ்ந்த வலத்தோள், அதன்மேல் சிவப்புச் சேலை. இதனுடன் ஓவியர் எழுதிக் கொடுத்த அறிமுகக் குறிப்பு 'அடக்கப்பட்ட பெண்மை', 'ஆண்மையின் முகமூடி', 'மதம் திணித்த வெட்கம்' என்று போயிற்று. ஓவியம் சொன்னதைவிடக் குறிப்பு அதிகம் சொன்னது. கல்லூரி முடித்து வருகிற பலருக்கும் இருக்கும் பழக்கம் இது.

அவருக்கு வழிகாட்டியாக இருந்தவை யாருடைய ஓவியங்கள் என்று கேட்டபோது பூபேன் கக்கரைச் சொன்னார். பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே, 1970களில் தையற்காரர், கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்று கடைத்தெரு ஆண்களை வரைந்தவர் கக்கர். வீரனாகவும் அல்ல, உழைப்பின் சின்னமாகவும் அல்ல, சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் ஆணை வரையலாம் என்பதை அவரிடம் கற்றதாக ஓவியர் சொன்னார். திருப்பூர் அறை ஓவியத்தில் அந்தப் பாடம் தெரிகிறது. ரதியில் தெரியவில்லை.

கண்காட்சிக்கு முன் தெரிய வந்தவை

குடியிருப்பில் உள்ள படிப்பகத்தில் சனவரி இறுதியில் திறப்பதென்று முடிவு செய்திருந்தோம். பந்தலூர்ப் பக்கம் மழை இறங்கினால் சுவரே நனைந்து கிடக்கும். துணியில் பூஞ்சணம் பிடிக்க ஒரு வாரம் போதும். ஆகவே வறட்சிக் காலம் தவிர வேறு வழியில்லை. கொழுந்து குறைவதால் ஆட்களுக்கும் நேரம் கிடைக்கும் காலம் அது.

அழைப்பிதழுக்காக அச்சகத்துக்குக் கொடுத்த ரதி படம் அங்கிருந்து யாரோ ஒருவர் வழியாக வாட்ஸப்பில் கிளம்பிவிட்டது. இரண்டே நாளில் குடியிருப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். தேநீர்க் கடையில் தந்தையைப் பார்த்து ஓரிருவர் கைதட்டிச் சிரித்ததாக அண்ணனுக்கு யாரோ போன் செய்து சொல்ல, அவர் திருப்பூரிலிருந்து தம்பியைக் கூப்பிட்டுத் திட்டினார். தொழிற்சங்க மூத்தவர் ஒருவர் எங்களிடம் வந்து, "இங்கே வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் சிலோன்காரன் என்றுதான் சொல்கிறார்கள். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். போதகர், விட்டு விலகிய பழைய வாழ்க்கையைச் சுவரில் மாட்டுவது விசுவாசிக்கு இடறல் என்று சபையில் பொதுவாகப் பேசினார். யாரைக் குறித்து என்று எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவுக்கும் தந்தை அந்த ஓவியத்தை அதுவரை நேரில் பார்த்திருக்கவில்லை. காட்டினீர்களா என்று ஓவியரைக் கேட்டோம். திறப்பு நாளில் அப்பா வந்து பார்த்தால் போதும், முன்பே காட்டினால் தடுத்துவிடுவார் என்றார். தடுப்பார் என்று தெரிந்தே செய்கிற வேலையா இது என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அழைப்பிதழை நிறுத்தினோம், தேதியைப் பிப்ரவரிக்குத் தள்ளினோம். குழுவில் இருவர் இதை எதிர்த்தார்கள். மிரட்டலுக்குப் பணிந்ததாகிவிடும், நாளை யார் என்ன சொன்னாலும் நிறுத்த வேண்டி வரும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சங்கத்தாரின் எதிர்ப்பு, போதகரின் எதிர்ப்பு, வரையப்பட்டவரின் எதிர்ப்பு மூன்றும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கவை அல்ல. முதலிரண்டைக் கேட்டுக்கொள்ளலாம், பதில் சொல்லலாம், மீறியும் நடத்தலாம். மூன்றாவது வேறு வகை. அது அவருடைய உடல், அவர் முகம், அவர் தினமும் நடக்கிற பாதை. தேதி தள்ளியது அந்த மூன்றாவதற்காகத்தான் என்பதை மற்ற இரு தரப்பிடமும் வெளிப்படையாகச் சொன்னோம்.

அடுத்தது, குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓவியங்களைக் காட்டுவது, காட்டும்போது ஓவியர் அறையில் இருக்கக் கூடாது என்பது. மகன் எதிரே நின்றால் தந்தை மகனைப் பார்ப்பார், படத்தைப் பார்க்க மாட்டார். இதை ஓவியர் மிகவும் எதிர்த்தார். இரண்டு நாள் எங்களிடம் பேசவில்லை. பிறகு சம்மதித்தார்.

அறிமுகக் குறிப்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஓவியத்தின் கீழும் நடந்ததைச் சொல்லும் ஒரு வரி மட்டும் வைப்பதென்றும் முடிவெடுத்தோம். அமெரிக்கத் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் பெயர்ந்ததை ஜேக்கப் லாரன்ஸ் 1940–41இல் 60 பலகைகளாக வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் வைத்தது எளிய வாசகம் ஒன்றுதான். பார்க்கிறவருக்கு அது போதுமாயிற்று. எங்கள் வழக்கில் இன்னொரு காரணமும் இருந்தது: படிப்பகத்துக்கு வரப்போகிறவர்களில் பலர் அந்த ரயிலில் வந்தவர்கள். அவர்களுக்குப் புலப்பெயர்வை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தந்தை பார்த்தது

ஒரு ஞாயிறு மாலை, ஆராதனை முடிந்த பிறகு, வெள்ளைச் சட்டை மாற்றாமலே வந்தார். அறையில் அவரும் நானும் மட்டும். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ரயில் ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்று, கோழி கொண்டுவர விடவில்லை, ஸ்டேஷனிலேயே கொடுத்துவிட்டோம் என்றார். ரதியிடம் வந்ததும் முதலில் சிரித்தார். பிறகு சேலைக்கட்டைக் குனிந்து பார்த்து, கொசுவம் இப்படி வராது என்றார். பிறகு சொன்னதுதான் முக்கியம்.

"தலை ஏன் குனிந்திருக்கிறது?"

அத்தையிடம் இருந்த படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"ஸ்டூடியோக்காரன் லைட்டை மூஞ்சிக்கு நேரே வைத்தான். கண் கூசியது. குனிந்துகொண்டேன். ரதி எங்கே தலை குனிவாள், தம்பி? சிவனையே நிமிர்ந்து பார்த்து நியாயம் கேட்கிறவள் அவள்."

அதற்குப் பிறகு அவர் பேசியது முழுவதும் எங்களுக்குப் புதிது. ரதி வேடம் கட்டுகிறவன் காப்புக் கட்டிய நாள் முதல் குடிக்கக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, தனியாகப் படுக்க வேண்டும். எந்தப் பையன் விரதத்தைக் காப்பாற்றுவான் என்று பார்த்துத்தான் பெரியவர்கள் கேட்பார்களாம். வேடம் கட்டிய நாட்களில் வயதான பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். "மூன்று வருடம் அந்தத் தோட்டத்தில் என்னை ஒருவரும் வாடா போடா என்று கூப்பிட்டதில்லை. கங்காணி கூட" என்றார். ஆக, மகன் வெட்கம் என்று படித்த இடத்தில் தந்தைக்கு இருந்தது மதிப்பு. இலங்கையில் ஆணாக அவருக்குக் கிடைத்த முதல் மரியாதை சேலை கட்டிய நாட்களில் கிடைத்திருக்கிறது. நீலகிரிக்கு வந்த பிறகு அப்படி ஒரு மரியாதையைத் தரும் இடம் எதுவும் இருக்கவில்லை. சில ஆண்டுகள் குடித்தார். சபை அந்த இடத்தை வேறு விதமாகத் தந்தது. ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

சபை உங்களைப் பாடவிடாமல் தடுத்ததாகப் படங்கள் சொல்கின்றனவே என்று கேட்டேன். தடுத்ததுதான் என்றார். குடியை விட்டதும் அங்கேதான், அதை அவன் எங்கும் வரையவில்லையே என்று உடனே சேர்த்துக்கொண்டார். பாடியதற்கும் வருத்தமில்லை, விட்டதற்கும் வருத்தமில்லை. இரண்டில் ஒன்றைத் தப்பு என்று சொல்லவைக்கத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றார்.

ஓவியத்தை மாட்டலாமா என்று நேராகக் கேட்டோம். மாட்டலாம், ஆனால் தலை குனிந்ததற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றார். திருத்தி வரையச் சொல்லவில்லை. "அவன் நினைத்தது அது. இருக்கட்டும்."

இதை ஓவியரிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. அப்பா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறார் என்றார். பிறகு துணியை மீண்டும் நனைத்துத் தலையை நிமிர்த்தி வரைகிறேன் என்று கிளம்பினார். வேண்டாம் என்றோம். இரும்புக் கறுப்பை அழிக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, தந்தையே அதை மகனின் கருத்தாக ஏற்று விட்டுவிட்ட பிறகு அதை மாற்றுவது தேவையில்லாதது. கீழே வைத்த வரி இதுதான்: '1976, ஹட்டன் ஸ்டூடியோ. விளக்கு கண்ணைக் கூசியது என்கிறார் அப்பா.'

தாய் பார்த்தது

எல்லாருடைய கவலையும் சேலை கட்டிய ஆணைச் சுற்றியே இருந்ததால், தாய்க்குக் காட்டுவதைச் சம்பிரதாயமாகத்தான் எல்லாரும் நினைத்தோம். எங்கள் குழுவிலிருந்த பெண் ஒருவர் உடன் போனார்.

'உபவாசம்' என்ற ஓவியம் வரிசையில் எட்டாவது. முக்காடிட்ட வெள்ளைச் சேலை, உயர்ந்த கைகள், மூடிய கண்கள், அகலத் திறந்த வாய். அந்நிய பாஷையில், அதாவது ஆவியின் ஏவலால் வருவதாக நம்பும் அறியாத மொழியில், ஜெபிக்கிற நேரம். கீழ்வரிசைப் பற்களில் ஒன்று இல்லாதது வரை வரைந்திருந்தார். பதினொன்றில் ஓவியமாக மிகச் சிறந்தது அதுவே என்று இன்றும் சொல்வேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். "அந்த நேரத்தில் நான் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து இவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். முகத்தை மறைத்தால் போதுமா என்று கேட்டதற்கு, கையைப் பார்த்தாலே சபையில் எல்லாருக்கும் தெரியும் என்றார். வேண்டாம் என்றால் வேண்டாம்.

இந்த இடத்தில் ஓவியர் தரப்பு நியாயமும் கனமானது. அந்த ஜெபக்கூடத்தில் தாயின் முழங்காலருகே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த சிறுவன் அவர். தாய் தான் அறியாத ஒரு மொழியில் கதறுவதைக் கண்டு பயந்ததும், அந்தக் குரலையே தாலாட்டாகக் கேட்டுத் தூங்கியதும் அவருடைய வாழ்க்கை. அதை வரைய அவருக்கு உரிமையில்லை என்று எப்படிச் சொல்வது? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. வரைந்தது அவரிடம் இருக்கட்டும், அழிக்க வேண்டாம். தாய் ஒப்புகிற வரை பொதுவில் வைப்பதில்லை. ரதி வேடம் ஊர் பார்க்கக் கட்டியது. தந்தை கேட்டது அதற்கான விளக்கம். ஜெபம் யாரும் பார்க்கச் செய்ததல்ல. இந்த வேறுபாட்டைத்தான் முடிவுக்கு அடிப்படையாக வைத்தோம்.

காலியான இடத்தை அப்படியே விட்டு 'நீக்கப்பட்டது' என்று ஒரு சீட்டு ஒட்டலாம் என்ற யோசனை வந்தது. பெருநகரக் கண்காட்சிகளில் இது ஒரு மோஸ்தர். இங்கே அப்படிச் செய்தால், எதை மறைக்கச் சொன்னாரோ அதைத் தாயின் பெயரில் விளம்பரம் செய்ததாகும். மற்றவற்றை நகர்த்திப் பத்து ஓவியங்களாக மாட்டினோம்.

கண்காட்சி

ஐந்து நாட்கள் நடந்தது. துணிகளைச் சட்டமடிக்காமல் மூங்கில் கழியில் தொங்கவிட்டு, சுவருக்கும் துணிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டோம். காற்று போய்வந்தது, ஈரம் ஏறவில்லை.

வந்த முதியவர்கள் ஓவியத்தைப் பார்த்த விதம் எங்களுக்குப் பழக்கமில்லாதது. அவர்கள் பிழை தேடினார்கள். மனப்பாட வசனம் ஓவியத்தில் தப்படிப்பவர்களின் இரு குச்சிகளும் ஒரே கனத்தில் இருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். ஒன்று தடித்த குட்டையான அடிக்குச்சி, மற்றது மெலிந்த நீளமான சுண்டுகுச்சி. இது கூடத் தெரியாதா என்று ஓவியரையே கேட்டார். சன்னல் வழியாக மட்டுமே தப்பைப் பார்க்க விடப்பட்ட சிறுவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? ஓவியர் அதைத் திருத்தவில்லை, திருத்தாதது சரி.

வாட்ஸப்பில் பார்த்துச் சிரித்த இளைஞர்கள் சிலரும் வந்தார்கள். தந்தை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் சிரிப்பு வாசலோடு நின்றது. சனிக்கிழமை மாலை, சேரம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் ரதி புலம்பலில் நான்கைந்து வரி பாடினார். தந்தை சேர்ந்து பாடவில்லை. மறந்த ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொடுத்தார்.

சங்க மூத்தவர் மூன்றாம் நாள் வந்து திருப்பூர் அறை ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு, என் பேரனும் இப்படித்தான் படுத்துக் கிடக்கிறான் என்று சொல்லிப் போய்விட்டார். சபையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். போதகர் வரவில்லை.

பிறகு நடந்தவை

கண்காட்சி முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் தந்தையை வேதம் வாசிக்கக் கூப்பிடவில்லை. போதகர் வீட்டுக்கு வந்து அவருடன் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்பதைத் தந்தை யாரிடமும் சொல்லவில்லை. தாய்க்கு மகன்மேல் இருந்த கோபம் உபவாச ஓவியத்தைவிட இதனால்தான் நீண்டது. உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்குப் பிறகு மீண்டும் கூப்பிடத் தொடங்கினார்கள். கண்காட்சி நல்லபடி முடிந்தது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த விலையைக் கொடுத்தது ஓவியரும் அல்ல, நாங்களும் அல்ல.

உதகையில் ஓர் அரங்கத்தார் ஓவியங்களைக் கேட்டார்கள்; ரதியைச் சுவரொட்டியில் போட விரும்பினார்கள். தந்தை மறுத்துவிட்டார். உள்ளே வந்து நின்று பார்க்கிறவன் வேறு, பஸ் ஸ்டாண்டில் போகிற போக்கில் பார்க்கிறவன் வேறு என்றார். அரங்கத்தார் ரயில் ஓவியத்தைச் சுவரொட்டியில் போட்டார்கள். அங்கே திருப்பூர் அறை விற்றது. அண்ணன் தன் பங்கைக் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், ஆனால் கேள்வி நியாயமானது என்று எனக்குப் பட்டது.

அடுத்த முறைக்காக மாற்றியவை

குடும்பத்தைப் பற்றிய ஓவியம் எங்களிடம் வந்தால், அச்சகத்துக்கோ தொலைபேசிக்கோ ஒரு படமும் போகுமுன் வரையப்பட்டவர்களுக்குக் காட்டுவதென்று வைத்திருக்கிறோம். ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லும் சம்மதத்தை இறுதியாகக் கொள்வதில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் கேட்கிறோம். கையெழுத்து வாங்கும் படிவம் வேண்டாம் என்பது என் கருத்து. குடியுரிமைக்கும் முகாமுக்கும் வீட்டுக்கும் ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள். நீட்டினால் படிக்காமலே போட்டுவிடுவார்கள். குழுவில் மற்றவர்கள் இதை ஏற்கவில்லை. ஆகவே இப்போதைக்குப் படிவமும் இருக்கிறது, அதை வாசித்துக் காட்ட ஓர் ஆளும் இருக்கிறார்.

யாரிடம் முதலில் கேட்பது என்பதையும் மாற்றியிருக்கிறோம். ஊர் யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவரிடம் ஓடாமல், யாரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையோ அவரிடமிருந்து தொடங்குகிறோம். விற்பனையில் வரையப்பட்டவருக்கு ஒரு பங்கு என்பது இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. எவ்வளவு என்பதில் உடன்பாடில்லை.

ஓவியர் இப்போது தந்தை சொல்லச் சொல்ல, காமன் கூத்தின் ஒவ்வொரு நாளையும் சிறு தாள்களில் வரைந்து வருகிறார். அதற்காக உட்காரும் ஒவ்வொரு நாளுக்கும் தோட்டத்து ஒரு நாள் பேர், அதாவது நாட்கூலி, என்னவோ அதைத் தர வேண்டும் என்பது தந்தையின் நிபந்தனை. அரை நாள் உட்கார்ந்தால் அரைப் பேர். நோட்டில் குறித்து வைக்கிறார். மாதக் கடைசியில் வாங்கிக்கொள்கிறார்.